சுண்ணாம்பில் சேராத நீலம்

"வாய் வியாபாரத்துக்கு முதல் வேண்டாம்" என்று எங்கள் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள். நான் வைத்திருந்தது சுண்ணாம்புக் கடை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, காவிக்கட்டி, பெயிண்டு டப்பா, கயிறு, சுண்ணாம்பு அடிக்கிற மட்டை, இவ்வளவுதான் சரக்கு. வெள்ளையடிக்கிற காலம் போக மிச்ச மாதங்களில் கடையில் விற்றது என் பேச்சு ஒன்றுதான். அதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு சாய்ப்பு இருந்தது. அதை ஒரு நயினார் வீட்டுப் பிள்ளைக்கு விட்டிருந்தேன். நயினார் என்றால் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கூடத் தங்கள் தொண்டையில் போய்ச் சாகக்கூடாது என்று நினைக்கிற சனம். இவன் என்னைவிட நாலைந்து வயது சின்னவன், கடைத்தெருவே அவனை "நயினாரே" என்று கூப்பிட்டது. அந்தச் சாய்ப்பில் அவன் நீலம் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

காய்ச்சுவது என்று சொன்னேனே தவிர, அதில் அடுப்பே கிடையாது. அன்னபேதி தெரியும்தானே, இரும்பிலிருந்து வருகிற அந்தப் பச்சை உப்பு? அதை ஒரு தொட்டியில் கரைப்பான். மெட்ராஸிலிருந்து ஒரு மஞ்சள் உப்பு வரும், கற்கண்டுக்கு எலுமிச்சைத் தோல் சாயம் போட்ட மாதிரி இருக்கும். அதை இன்னொரு தொட்டியில் கரைப்பான். இரண்டையும் சேர்த்தால் முதலில் நீலம் வராது. வெளுத்துப்போய், காய்ச்சலில் படுத்து எழுந்தவன் முகம் மாதிரி ஒரு கூழ் வரும். அவன் அதை ஒரு மூங்கில் கழியால் கிளறிக்கொண்டே இருப்பான். காற்றுப் படப்பட மேலிருந்து நிறம் பிடிக்கும். சாயங்காலத்துக்குள் மயில் கழுத்து தோற்றுப்போகும்.

"காத்து குடிச்சாத்தாண்ணே அதுக்கு ரோஷம் வருது" என்பான்.

அப்புறம் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும், நிழலில் காயவைத்து இடிக்க வேண்டும். வடிகட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, பிறந்த வீட்டுப் பழக்கம். ஆளி விதை எண்ணெயில் அந்தப் பொடியைக் குழைத்து வண்டிக்கும் கதவுக்கும் அடித்தால் வருஷக்கணக்கில் மங்காது. மாட்டுப் பொங்கல் வந்தால் செஞ்சியைச் சுற்றி எத்தனை கொம்பு உண்டோ அத்தனைக்கும் அவன் நீலம்தான். ஒரே ஒரு பத்தியம் உண்டு. சுண்ணாம்பில் மட்டும் அதைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் நீலம் செத்து, துரு நிறமாகிவிடும். வெள்ளையடிக்கக் கேட்டு வருகிறவர்களிடம் நான் தலைப்பாடாகச் சொல்வேன், "இது எண்ணெய்க்குப் பொண்டாட்டி, சுண்ணாம்புக்குப் பகையாளி. செவுத்துக்கு வேற நீலம் தர்றேன்" என்று.

அந்தச் சமயத்தில்தான் நயினாருக்கு மேல்சித்தாமூரில் ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மல்லாட்டை வியாபாரி, எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பேர். ஆள் நல்லவர், ஆசாரத்தில் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேர். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் நயினார் காய்ச்சிய நீலம் பச்சையாக வந்தது. எதை எவ்வளவு போட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பொண்ணு எப்பிடிடா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கண்ணே."

"இன்னா பேசுன?"

"பேசலண்ணே. அவங்க குனிஞ்சிகினு இருந்தாங்க. நானும் குனிஞ்சிகினு இருந்தேன்."

"அப்ப நல்லா இருக்குறது இன்னா, தரையா?"

அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். அந்தம்மாதான் எனக்கு ரகசியமாகச் சொன்னார். எனக்கு ரகசியமாகச் சொன்னது என்பதால் கடைத்தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

இனிப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிடித்திருந்தால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கை நனைக்கிறது என்று பேர். கை நனைத்தால் சம்மதம். பிடிக்கவில்லையென்றால் "இன்னொரு நாள் பாக்கலாம்" என்று எழுந்துவிடுவார்கள், அந்த இன்னொரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் வராது. நயினார் வீட்டில் கூடுதலாக ஒரு கெடு: கை நனைப்பதென்றால் பொழுது சாய்வதற்குள் நனைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மைக் செட்டுக்காரர் ஒரு காந்தத்தைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற வரைக்கும்.

மைக் செட்டுக்காரர் என் கடைக்கு எதிர்க்கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி அவருடையதுதான். உடைந்துபோன ஒரு ஒலிபெருக்கியிலிருந்து வளையம் மாதிரிக் காந்தத்தைக் கழற்றி எடுத்திருந்தார். கையில் சுத்தி கிடைத்தவனுக்குக் காண்பதெல்லாம் ஆணியாகத் தெரியுமே, அந்த மாதிரி அன்றைக்கு அவர் ஊரையே காந்தம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக் கரண்டி தாவி ஒட்டியது. பெஞ்சு ஆணி இழுத்தது. என் சட்டைப்பையிலிருந்த பிளேடு எகிறியது. நயினார் டீ குடிக்க வந்தான், கையில் நீலப் பொட்டலம்.

"இதுல இரும்பு இருக்குதுன்னு சொல்றியே நயினாரே, எங்க, கூப்புடு பாக்கலாம்."

பொட்டலத்தைப் பிரித்துக் காந்தத்தை மேலே பிடித்தார். பொடி அசையவில்லை.

"பாத்தியா! மாமியா வூட்டுக்கு வந்த புது மாப்ள மாதிரி உக்காந்துனு இருக்குது. இதுல இரும்பாவது, உன் தலையாவது."

"இரும்பு இருக்குதுண்ணே. தனி இரும்பா இல்ல" என்றான் நயினார்.

"தனிக்குடித்தனம் போயிடுச்சா?"

டீக்கடை கொல்லென்று சிரித்தது. மூலையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. நல்ல மனுஷன். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் விவரமாகச் சொல்வார்.

கடைக்காரரிடம் தீக்குச்சி வாங்கி, தட்டிலிருந்த கொண்டைக்கடலையில் குத்திக் குத்தி ஒரு பெட்டி கட்டினார். மூலைக்கு ஒரு கடலை, கடலைக்கும் கடலைக்கும் நடுவில் ஒரு குச்சி. கோபுரத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி நின்றது.

"கடலைதான்யா இரும்பு. குச்சி இருக்குதே, அது கரியும் நைட்ரஜனும் கைகோத்த ஒரு ஜோடி. ஒரு கை இந்த இரும்பப் புடிச்சிருக்கும், இன்னொரு கை அந்த இரும்பப் புடிச்சிருக்கும். இப்பிடியே நாலா பக்கமும் மேலயும் கீழயும் போயிகினே இருக்கும். நடுவுல பாரு, காலி ரூமு. அதுல தண்ணி குடி இருக்கும். நயினாரு கிளர்றப்ப ஆளே இல்லாம இந்தச் சாரம் தானா கட்டிக்குது."

அந்த ஜோடிக்கு ரசாயனத்தில் என்ன பேர் என்று அப்புறம் என் காதில் மட்டும் சொன்னார். சயனைடு. கடைத்தெருவில் சத்தமாகச் சொல்லாதது அவர் செய்த புண்ணியம்.

"சரி சாரே, காந்தம் ஏன் இழுக்கல?" என்றார் மைக் செட்டுக்காரர்.

"ஒவ்வொரு இரும்பும் ஒரு குட்டிக் காந்தம்தான்யா. ஆனா தள்ளித் தள்ளி நிக்குது. நம்ம ஊரு வெயில்ல ஒண்ணு கிழக்க பாக்கும், ஒண்ணு மேற்க பாக்கும். சந்தையில சனம் நிக்கிற மாதிரி. நீ வந்து ஒரு குரல் குடுத்தா நாலு பேரு லேசாத் திரும்புவான், அவ்வளவுதான். எல்லாரும் ஒரே பக்கம் திரும்பணும்னா நினைச்சே பாக்க முடியாத குளிரு வேணும்."

வாத்தியார் சொன்னது முக்கால்வாசி சரிதான் என்று வெகுகாலம் கழித்துப் புத்தகங்களில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சாரத்து இரும்பில் இரண்டு வகை உண்டாம், ஒன்றுவிட்டு ஒன்று நிற்குமாம், அதில் ஒரு வகை காந்த விஷயத்தில் ஊமையாம். பேசத் தெரிந்த வகைக்கும் பேச்சுத் துணை தூரத்தில்தான். என்னை மாதிரி ஆளை நாலு வீடு தள்ளித் தள்ளிக் குடிவைத்த கணக்கு. இதெல்லாம் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல எதிர்க்கடையில் ஆள் இல்லாமல் போய்விட்டது.

அன்றைக்கு இருந்தார். சாரத்திலிருந்து ஒரு கடலையை உருவி வாயில் போட்டுக்கொண்டு, "சாரே, ஒரு மூலை இரும்ப நான் முழுங்கிட்டேன். இப்ப என்னைக் காந்தம் இழுக்குமா?" என்றார். சாரம் சரிந்தது. வாத்தியார் சளைக்கவில்லை. இந்த நீலத்தை யார் கண்டுபிடித்தது என்று யாரோ கேட்டுவைக்க, அதற்கும் விவரமாகப் பதில் சொன்னார்.

"சீமையில யாரோ செவப்புச் சாயம் காய்ச்சப் போயி, கை தவறி இது வந்துச்சாம். அந்தக் காலத்துல மாட்டு ரத்தம், கொம்பு, குளம்பு இதையெல்லாம் வறுத்துத்தான் அந்த மஞ்ச உப்ப எடுத்தாங்க. இப்ப அதெல்லாம் இல்ல, நிலக்கரியில இருந்து எடுக்குற வாயுவச் சுத்தம் பண்றப்ப வர்ற கழிவுல எடுக்குறாங்க."

ரத்தத்துக்கு ஒரு வாக்கியம், நிலக்கரிக்கு ஒரு வாக்கியம். இரண்டையும் எல்லாரும் கேட்டார்கள். ஆனால் நிலக்கரியில் என்ன ருசி இருக்கிறது சொல்லுங்கள்? ரத்தம் என்றால் நாக்கில் நிற்கும்.

சாயங்காலத்துக்குள் மைக் செட்டுக்காரர் வாயில் அது "அந்த நீலத்துல ரத்தம் போடுவாங்களாம்" என்று ஆயிற்று. மறுநாள் "சாய்ப்புல ரத்தம் கொதிக்குதாம்" என்றார்கள். மேல்சித்தாமூர் போகிற வழியில் இருக்கிற வல்லத்துக்குப் பேச்சு போய்ச் சேர்ந்தபோது நயினார் வாளியோடு கசாப்புக் கடை வாசலில் நிற்பதைப் பார்த்தவரே இருந்தார். வாத்தியார் கட்டிய சாரத்தை மைக் செட்டுக்காரர் ஒரு கடலை உருவிச் சாய்த்தார். இந்தச் சாரம் மட்டும் ஆளுக்கொரு குச்சி கொடுத்து வானத்துக்கு வளர்ந்துவிட்டது.

நான் எதிர்க்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "யோவ், இன்னாய்யா பரப்பி வெச்சிருக்க? பொண்ணு வூட்டுக்காரங்க வரப்போறாங்க."

"நான் பரப்பல. டெஸ்ட் பண்ணேன். மைக்க டெஸ்ட் பண்ணா ஊருக்கே கேக்குது, அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அந்தப் பையன் அந்தப் பொண்ணு மேல உசுரா இருக்குறான்யா."

அவர் முகம் விழுந்தது. குறும்பு பிடித்த ஆள்தான், கெட்டவர் இல்லை. "நான் வேணா வந்து சொல்லிடட்டா, தமாஷுதான்னு?" என்றார். நீ போட்ட முடிச்சை நீயே அவிழ் என்று சொல்லி, வரச் சொன்னேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் வேறொன்று நடந்தது. பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் நயினாரின் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போட்டால் வெள்ளை கண்ணைப் பறிக்கும், அது எல்லா வீட்டிலும் செய்வதுதான். "என் புள்ள செஞ்ச நீலம் வூடு நெறைய இருக்கும்போது கடையில போயி வாங்குவாங்களா?" என்று அந்தம்மா பெருமையாக இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறார். கட்டி கரைந்ததா என்றும் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில் விழுந்ததாம். பத்தியத்தை ஊருக்கெல்லாம் சொன்ன நாங்கள் இரண்டு பேரும் அந்தம்மாவுக்கு மட்டும் சொல்லவே இல்லை.

விடிந்ததும் நயினார் என் கடை வாசலில் நின்றான். "அண்ணே, செவுரு..." என்றான்.

போய்ப் பார்த்தேன். கூடம் முழுக்கப் பழுப்பு. அது கூடப் பரவாயில்லை. கரையாத கட்டிகள் மட்டையில் சிக்கி இழுபட்ட இடமெல்லாம் செம்பழுப்புத் தாரை தாரையாக இறங்கியிருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு தெறிப்பு. யாரையோ வெட்டிவிட்டுக் கத்தியை உதறிய மாதிரி. மேலே இன்னொரு கை சுண்ணாம்பு அடித்துப் பார்த்தோம், ஈரத்தோடு ஈரமாக அதுவும் பழுப்பை உறிஞ்சிக்கொண்டு வெளியே காட்டியது.

"சுண்ணாம்பு சாரத்தப் பிரிச்சிடுச்சுண்ணே. இரும்பு துருவா வெளிய வந்துடுச்சு" என்றான், அழுகிற குரலில் பாடம்.

"பாடம் அப்பறம். காவி பூசியிருக்கோம்னு சொல்லிடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் உங்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்."

"வேணாம்ணே."

"உனக்காக நான் சொல்றேன். எனக்குப் பழக்கம்."

"நீங்களும் சொல்லாதீங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பேசாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டவர்கள் பலர் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டவன் அவன்தான்.

மத்தியானமே வர வேண்டியவர்கள் வல்லத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. பெண்ணின் அப்பாவும், அவருடைய அக்காவும். அக்கா என்றால் பெண்ணுக்கு அத்தை. ஒல்லியாக, எலுமிச்சங்காய் மாதிரி விறைப்பாக இருந்தார். வல்லத்தில் பஸ்ஸுக்கு நின்ற நேரம் அவர்கள் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அத்தை உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், உட்காரவில்லை.

"இன்னாம்மா இது?"

நயினாரின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கோ நாக்கு துறுதுறுத்தது, வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது, வெளுத்த சட்டை போட்டு, தலைக்குத் தண்ணீர் தடவி வாரி, ஒரு ஓரமாக நின்றிருந்த மைக் செட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஐயா, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. இந்த ரத்த விஷயம் முழுக்க நான் தமாஷுக்குச் சொன்னது."

அதுவரை அந்த வீட்டில் ரத்தம் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை.

பெண்ணின் அப்பா நிதானமாகத் திரும்பினார். "நாங்க அதக் கேக்கவே இல்லியே தம்பி" என்றார்.

"இல்லீங்க, கேக்கறதுக்கு முன்னாடி..."

"நீ வாய மூடுய்யா" என்றேன். வாக்கு, வார்த்தை எல்லாம் போயிற்று.

நயினார் மட்டும் பதறவில்லை. உள்ளே போய் இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்துவந்தான். ஒன்றில் நீலத்தைக் கலக்கினான். மற்றதில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். சுண்ணாம்புத் தண்ணீரை நீலத்தில் ஊற்றினான். மயில் கழுத்து எங்கள் கண் முன்னால் மெதுவாக வாடி, சேற்றுத் தண்ணீராகிப் பழுப்பில் போய் நின்றது.

"நேத்து செவுத்துல நடந்தது இதுதான் பெரியம்மா. அம்மாவுக்குச் சுண்ணாம்புல சேர்க்கக்கூடாதுன்னு தெரியாது. சொல்லாம விட்டது நான்" என்றான்.

அத்தை தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "போனது போனதுதானா?"

அவன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்துத் தம்ளரில் பிழிந்தான். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மைக் செட்டுக்காரர் எம்பிப் பார்த்தார். பழுப்பு பச்சையாயிற்று. பச்சை கறுத்தது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஆள் ஏறி வருகிற மாதிரி நீலம் மேலே வந்தது.

"ஆங்!" என்றார் அத்தை. முதன்முதலாக உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்து, "ஏன்டா, மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி செவக்குது. அத யாராச்சும் ரத்தம்ன்றமா? கல்யாணம் கல்யாணத்துக்கு அதத்தானே சுத்திக் கொட்றோம்? வல்லத்துக்காரன் பேச்ச நம்பி நானும் வர்ற வழியெல்லாம் வயித்துல நெருப்பக் கட்டிகினு வந்தேன்" என்றார்.

நயினார் அம்மாவின் முந்தானை வாயைவிட்டு இறங்கியது. நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

"செவுரு சரிக்கா" என்றார் பெண்ணின் அப்பா. "எனக்கு ஒரு கேள்வி இருக்குது. தம்பி, அந்த மஞ்ச உப்பு ரத்தத்துல செஞ்சதா, இல்லியா?"

'இல்லை' என்று மூன்றெழுத்தில் ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் இலை போடலாம். பின்னாலிருந்து அவன் இடுப்பில் ஒரு குத்து விட்டேன்.

"அந்தக் காலத்துல ரத்தத்துலதான் செஞ்சாங்களாம்" என்றான். "இப்ப நிலக்கரி வாயுக் கழிவுல செய்யறதா வாத்தியாரும் சொல்றாரு, மெட்ராஸ் கடைக்காரரும் சொல்றாரு. நான் கண்ணால பாக்கல. செஞ்சி முடிச்ச நீலத்த வெச்சி எதுல இருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்கவும் வழி இல்ல. ரெண்டும் ஒரே சாரம், ஒரே நிறம்."

எனக்கு அவனைத் தூக்கி அன்னபேதித் தொட்டியில் போடலாம் போல இருந்தது. மைக் செட்டுக்காரர் என் காதில், "ஏன்யா இவனுக்கு ஒலி அளவு கம்மி பண்ணவே தெரியாதா?" என்றார்.

பெண்ணின் அப்பா சுவர்ப் பழுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நிலக்கரிக் கழிவுன்னா அது தூக்கிப் போடற சரக்கு" என்றார் மெதுவாக, தனக்குத்தானே. "தூக்கிப் போடறது இருக்கும்போது எவன் ரத்தத்தத் தேடிப் போவான்? வியாபாரத்துக்குக் கட்டாது." அப்புறம் அவனைப் பார்த்தார். "நானும் மூட்டையில இருக்குற ஒவ்வொரு மல்லாட்டையையும் உரிச்சிப் பாத்ததில்ல. ஆனா பாத்தேன்னு சொன்னதும் இல்ல. நீ போயி அந்த உப்பு எங்கிருந்து வருதோ அந்த எடத்துக்கே போயி பாத்துட்டு வா. ரத்தம்னா தொழில வுட்டுடணும்."

"வுட்டுடறேன் மாமா."

அத்தை கெக்கலித்துவிட்டார். "இலையே போடல, அதுக்குள்ள மாமாவா?"

நயினார் காது வரைக்கும் சிவந்தான், அதற்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை. (மெட்ராஸ் கடைக்காரரைப் பிடித்து, அவருக்குச் சரக்கு அனுப்புகிறவரைப் பிடித்து, அவனும் நானுமாகக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். நிலக்கரிதான். நாற்றம் மூன்று நாள் என் வேட்டியைவிட்டுப் போகவில்லை.)

ஆனால் அந்த நிமிஷத்தில் வேறு ஒரு இடி விழுந்தது. அடுக்களையிலிருந்து வாழை இலையோடு வந்த அந்தம்மா வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தெருவில் நிழல் விழுந்துவிட்டது. எங்கள் கோட்டை மலை ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் போயிருந்தது. பேசிப் பேசியே பொழுதை ஓட்டிவிட்டோம். இனி இந்த வீட்டில் அவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கை நனைக்காமல் போனால் வல்லத்தில் காத்திருக்கிற வாய்களுக்கு அது போதும், மேல்சித்தாமூர் போய்ச் சேர்வதற்குள் வேண்டாம் என்று எழுந்து வந்ததாகவே கதை முடிந்திருக்கும்.

"பொழுது சாஞ்சிடுச்சே" என்றார் அந்தம்மா.

பெண்ணின் அப்பா எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். அவர் தெருவில் இறங்கிக் கிழக்கே நடந்தார், நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம், அத்தை உட்பட. தெருக்கோடியில் நின்று கையை நீட்டினார். தூரத்தில் வயல்வெளியில் மஞ்சள் வெயில் படுத்துக்கிடந்தது.

"அங்க வெயில் இருக்குதா, இல்லியா?"

"இருக்குதுங்க" என்றேன்.

"எங்க ஊர்ல இன்னேரம் வெயில் அடிச்சிகினுதான் இருக்கும். இந்த ஊர்ல குறுக்க ஒரு மலை நின்னுகினு இருக்குது. மலை மறைச்சா பொழுது சாஞ்சதாயிடுமா? சீக்கிரம் வாங்க, இலையப் போடுங்க."

ஓடினோம். ஐம்பது வயது மல்லாட்டை வியாபாரி முன்னால் ஓட, அவர் அக்கா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, தெரு சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. அந்தம்மா பரிமாறுவதற்கு நாலு கை கேட்டார். கத்தரிக்காய்க் கறி, பருப்பு, வாழைக்காய், பாயசம் எல்லாம் ஒரே மூச்சில் இலைக்கு வந்தன. நயினார் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றான். பெண்ணின் அப்பா கையை நீட்டினார்.

அதற்குள், பந்தியின் கடைசி இலையில் எப்போது போய் உட்கார்ந்தாரோ தெரியவில்லை, மைக் செட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அத்தை திரும்பிப் பார்த்தார். "ஏய்யா, நீ இன்னாய்யா முதல்ல கை நனைக்கிற? பொண்ண உனக்கா குடுக்கறோம்?"